தக்காளி கறுத்தால் விளக்கு சரி

ஒற்றைத் தலைவலிக்கும் தீராத உடம்பு வலிக்கும் பச்சை வெளிச்சம் நல்லது என்று கேள்விப்பட்டதும், ஒரு பச்சை ஜீரோ வாட் பல்பை மாட்டி, வலிக்கிற முழங்காலை அதன் கீழே நீட்டத்தான் யாருக்கும் தோன்றும். பல்பும் தப்பு, நீட்டுகிற இடமும் தப்பு.

வெளிச்சம் போக வேண்டியது கண்ணுக்குள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மொஹாப் இப்ராஹிம், ராஜேஷ் கன்னா குழுவினர் 2017இல் வெளியிட்ட எலி ஆய்வு இதைக் காட்டியது. பச்சை வெளிச்சத்தில் இருந்த எலிகளுக்கு வலியுணர்வு மட்டுப்பட்டது. ஒளி புகாத கான்டாக்ட் லென்ஸ் மாட்டியவற்றுக்கு மட்டுப்படவில்லை. உடம்பின் மேல் வண்ண ஒளி பாய்ச்சி நோய் தீர்ப்பதாகச் சொல்லிக் கருவி விற்றவர் பம்பாயில் பிறந்த தின்ஷா கடியாலி. 1947இல் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அந்தப் பாதை வேண்டாம்.

அடுத்தது பல்பு. இங்கேதான் காசு வீணாகிறது. பச்சைப் பூச்சு பூசிய குண்டு பல்பு சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்தே கசிய விடும். வெள்ளை எல்இடிக்குப் பச்சை மூடி போட்டதும் அப்படித்தான். தேவை 525 நானோமீட்டர் அளவில் ஒளிரும் அசல் பச்சை எல்இடி. கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற எல்இடி ஸ்ட்ரிப்பில் பச்சை கிடைத்தாலே போதும். அட்டைப்பெட்டியில் நானோமீட்டரைத் தேட வேண்டியதில்லை. தக்காளி விளையும் மாரண்டஹள்ளியில் அதற்கொரு சுலபமான சோதனை உண்டு. நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை இருட்டறையில் அந்த விளக்கின் கீழ் வைக்க வேண்டும். பழம் கறுப்பாகத் தெரிந்தால் விளக்கு சரி. லேசாகச் சிவப்போ பழுப்போ தட்டினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அறையில் வேறு வெளிச்சம் கூடாது. மெயின் ரோட்டோர வீடென்றால் ஓசூர் போகும் லாரிகளின் ஹெட்லைட் ஜன்னல் வழியே அடிக்கும். பழைய வேட்டி தாங்காது, கனத்த போர்வை கட்ட வேண்டும். டிவி, செல்போன் இரண்டும் அணைந்திருக்கட்டும். பாட்டுக் கேட்கலாம், பெரிய எழுத்துப் புத்தகம் படிக்கலாம். தூங்கிவிட்டால் அந்த நேரம் கணக்கில் வராது. விளக்கை முறைத்துப் பார்க்கவும் கூடாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வில் பயன்பட்டது 4 முதல் 100 லக்ஸ் வரையிலான மங்கல் வெளிச்சம்தான். கண் கூசினால் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும்.

தினம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம், பத்து வாரம். 2020இல் வெளியான அந்த ஆய்வில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 29 பேர் இப்படி உட்கார்ந்தார்கள். மாதத்தில் தலைவலி வரும் நாட்கள் சராசரியாக 60 சதவீதம் குறைந்தன. 29 பேர் சின்னக் கணக்குதான், விளக்கின் நிறத்தை அவர்களிடம் மறைக்கவும் வழியில்லை. ஆகவே நான்கு நாளில் பலன் தேடுவதும், டாக்டர் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆகாது.

காலண்டரில் வலி வந்த நாளை வட்டமிட்டு, மாத்திரை போட்டிருந்தால் அதையும் குறித்து டாக்டரிடம் காட்டலாம். திடீரென்று இதுவரை வராத கடுமையான தலைவலி, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் வந்தால் விளக்கின் முன் உட்காரக் கூடாது. உடனே 108க்குக் கூப்பிட வேண்டும்.