ஒரே அளவில் பத்துப் புஷ்கள்: சிறிய லேத்துக்கு ஒரு தடுப்புக்கட்டை

1990 முதல் குடாநாட்டில் நிலவிய பொருளாதாரத் தடையை நம்மில் மூத்தோர் மறக்கமாட்டார்கள். எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் இலகுவில் கிடைக்கவில்லை. வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். தேய்ந்த பாகங்களைக் கடைசல் பட்டறைகளில் செய்து பொருத்தினோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது தோட்டத்தோடு பட்டறைகளையும் விட்டுவந்தோம்.

இன்றும் பழைய நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஏற்ற புஷ் எப்போதும் கடையில் அகப்படுவதில்லை. வெங்காயத் தோட்டமோ இறைப்புக்காகக் காத்திராது. ஆகவே சிறிய லேத் ஒன்றில் வேலை தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒரு பலம். ஆனால் அவர் கடையும் பத்துப் புஷ்களும் ஒரே அளவாய் இருந்தால்தான் மக்கள் மீண்டும் தேடிவருவர். அதற்கு உதவுவதே தடுப்புக்கட்டை.

இது என்ன செய்கிறது?

வெட்டுக்கருவியைத் தாங்கி லேத்தின் தண்டவாளத்தில் ஓடும் வண்டியை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. 20 மி.மீ. நீளத்தில் ஒரு படி கடைய வேண்டுமாயின், ஒருமுறை அளந்து கட்டையைப் பூட்டினால் போதும்.

செய்யும் முறை

1. சுமார் 50 மி.மீ. நீளமான மெல்லுருக்குக் கட்டை ஒன்றை எடுங்கள். அதைத் தலைகீழ் 'ட' வடிவில் வெட்டி, மேற்பகுதி தண்டவாளத்தின் மேலும் கால் அதன் முன்பக்கத்திலும் அமையுமாறு அராவுங்கள். ஒவ்வொரு லேத்தின் தண்டவாளமும் வேறு. உங்களுடையதை அளந்தே செய்யுங்கள்.

2. கால், தண்டவாளத்தின் கனத்திலும் அரை மி.மீ. குறைவாக இருக்கட்டும். அதன் அடியில் 6.8 மி.மீ. துளையிட்டு, 8 மி.மீ. மரை வெட்டுங்கள். தண்டவாளத்தின் அடிவிளிம்பைப் பிடிக்கும் தகடொன்றை அதில் மரையாணியால் முடுக்குங்கள்.

3. தண்டவாளத்துக்குச் சமாந்தரமாக 8.5 மி.மீ. துளையிட்டு, 10 மி.மீ. மரை வெட்டி, ஆறுபட்டைத் தலையுள்ள மரையாணியைப் பூட்டுச் சுரையுடன் ஏற்றுங்கள். அதன் தலை, வண்டியின் கனமான வார்ப்புப் பகுதியில் முட்ட வேண்டும். மெல்லிய மூடியில் அல்ல.

சாதாரண 10 மி.மீ. மரையாணி ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும். ஆகவே ஒரு பட்டை திருப்பினால் கால் மி.மீ. தனி அளவுகோல் இன்றியே நுணுக்கமாகத் திருத்தலாம்.

பயன்படுத்தும்போது

லேத்தை நிறுத்திவிட்டே கட்டையைச் சக்கின் பக்கமாகப் பூட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் சக்கின் தாடையிலுள்ள அதே படியில் முட்டவைத்து இறுக்குங்கள். துண்டு உள்ளே கூடக்குறையப் போனால் அளவும் மாறும்; கட்டையைக் குறைகூறிப் பயனில்லை. முட்டும் இடத்தில் ஒரு இரும்புச் சீவல் அகப்பட்டாலும் அளவு பிழைக்கும். தூரிகையால் துடையுங்கள், விரலால் வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: இது வண்டியை நிறுத்துமேயன்றி இயந்திரத்தை நிறுத்தாது. வண்டி தானாக ஓடிவந்து கட்டையில் மோதினால் பற்சக்கரங்கள் உடையலாம். 3 மி.மீ. இருக்கும்போதே ஓட்டத்தை விடுவித்து, மீதியைக் கையால் சுற்றுங்கள். மரை வெட்டும் வேலைக்கு இதைப் பாவிக்கவே வேண்டாம்.

முதல் புஷ்ஷை அளந்து சரிபாருங்கள். ஐந்தாவதையும் பத்தாவதையும் அளவுங்கள். இடம்பெயர்ந்து வந்த ஊரில் நம்மை யாரும் அறியார். சரியான அளவில் கொடுத்த பொருளே அங்கு நம்மை அறிமுகப்படுத்தும்.

கூடிப் பேசுவதற்கு: நமது பகுதியில் எந்த உதிரிப்பாகம் அடிக்கடி தேவைப்படுகிறது? சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு லேத்தைப் பராமரிக்க முடியுமா?