அடிக்கடி அறுபடும் இணையத் தொடர்பு: குறை காணும் முறை

களப்பணியாளர் ஒருவர் அன்றைய புள்ளி விவரங்களைத் தம் வீட்டிலிருந்து தலைமை அலுவலகத்திற்கு அனுப்பும் வேளையில் இணையத் தொடர்பு அறுந்துவிடுகிறது. நோயாளி ஒருவர் தொலைவிலுள்ள மருத்துவரிடம் தம் நோயின் தன்மையைக் கூறிக்கொண்டிருக்கையில் திரையிலுள்ள உருவம் அசைவற்று நின்றுவிடுகிறது. சில நிமிடங்களில் தொடர்பு தானே திரும்பிவிடுவதும் உண்டு. பழுது பார்ப்பவர் வரும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். அவரும் குறை ஏதுமில்லை என்று கூறிச் சென்றுவிடுவார். இவ்வாறு விட்டுவிட்டுத் தோன்றும் குறையைக் கண்டறிவதற்கு முறையான ஆராய்ச்சி தேவை.

கருவியை நிறுத்தி மீண்டும் இயக்குவது பலரது வழக்கம். அதனால் தொடர்பு திரும்பலாம். ஆனால் குறையின் அடையாளமும் அத்துடன் மறைந்துபோகும். ஆதலின், கைவைக்கும் முன் கருவியின் விளக்குகளை நோக்குதல் வேண்டும்.

கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பில் செய்தி மூன்று பகுதிகளைக் கடக்கிறது. முதலாவது, நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள இழை. இரண்டாவது, ஒளியை மின்குறியாக மாற்றும் கருவியும், ரூட்டர் எனப்படும் வழிப்படுத்தும் கருவியும். இவ்விரண்டும் ஒரே பெட்டியில் அமைந்திருத்தலும் உண்டு. மூன்றாவது, அங்கிருந்து கணிப்பொறி வரையுள்ள கம்பி அல்லது வை-ஃபை அலை. குறை எப்பகுதியில் உள்ளது என அறிவதே முதற்பணி.

1. இழை: பெட்டியில் 'லாஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை அறுந்திருக்கலாம், கூர்மையாக வளைந்திருக்கலாம், இணைப்பு முனையில் அழுக்குப் படிந்திருக்கலாம். வந்து சேரும் ஒளியின் ஆற்றலைப் பல கருவிகள் தம் நிலைப்பக்கத்தில் காட்டும். அது -20 டிபிஎம் எனில், ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. -27 எனில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் வகை இணைப்பில் ஆற்றல் இவ்வெல்லைக்கும் கீழே குறையுமாயின் தொடர்பு நிலைப்பது அரிது. இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது. அதில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது.

2. மின்சாரம்: எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்து மீண்டும் எரிந்தால், மின்னிணைப்பையும் அடாப்டரையும் ஐயுறலாம். நீரேற்றும் மோட்டார் இயங்கத் தொடங்கும்போதெல்லாம் இவ்வாறு நிகழ்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

3. வை-ஃபை: கணிப்பொறியைக் கம்பி வழியாக ரூட்டருடன் இணைத்துப் பார்க்க. கம்பியில் தொடர்பு நிலைத்து, வை-ஃபையில் மட்டும் அறுமாயின் இழை குற்றமற்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அடுத்தடுத்த வழித்தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொள்கிறது. எனவே 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அண்டை வீட்டார் கையாளாத தடத்தைத் தேர்தல் நன்று. மைக்ரோவேவ் அடுப்பும் இப்பட்டையிலேயே இடையூறு விளைவிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெரிசல் குறைவு. ஆயினும் சுவரைக் கடக்கும் திறனும் குறைவு.

4. பிங் சோதனை: கம்பியில் இணைத்த கணிப்பொறியிலிருந்து இரு முகவரிகளுக்கு ஒரே காலத்தில் பிங் கட்டளையைத் தொடர்ந்து அனுப்புக. ஒன்று ரூட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 ஆகும். மற்றொன்று 8.8.8.8 போன்ற வெளி முகவரி. இரண்டிலும் மறுமொழி நின்றால் குறை வீட்டிற்குள் உள்ளது. வெளி முகவரியில் மட்டும் நின்றால் குறை ரூட்டருக்கு அப்பால் இருத்தல் கூடும். எண் முகவரி மறுமொழி தந்து, பெயரால் அழைக்கும் தளங்கள் மட்டும் திறவாவிடில், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பணியில் குறை உள்ளதெனக் கொள்ளலாம்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். கம்பி, அடாப்டர், வழித்தடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினும் அதன் காரணம் விளங்காது. ஒரு வார காலம் தொடர்பு அறுந்த நாள், மணி, எரிந்த விளக்குகள், ஒளி ஆற்றல், மழை, மின்தடை ஆகியவற்றைக் குறித்து வருக. பழுது பார்ப்பவர் வரும் வேளையில் தொடர்பு ஒழுங்காக இருப்பினும், இக்குறிப்பேடு குறையைச் சான்றுடன் எடுத்துக்காட்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாகவும் நடத்தலாம். உற்றுநோக்கல், பகுத்தல், ஒவ்வொன்றாகச் சோதித்தல், பதிவு செய்தல் என்னும் நான்கும் இதனுள் அடங்கியுள்ளன.