மண் இழப்பின் கணக்கு

நுழையும்முன்
நிலத்தை வளப்படுத்தும் மழையே காப்பற்ற நிலத்தின் மேல்மண்ணை அரித்தும் செல்கிறது. அவ்விழப்பை மதிப்பிடும் முறையையும் குறைக்கும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

மலையும் கண்மாயும்
விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. உயரத்தில் காடு, அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், அவற்றின் கீழே வயல்கள், இடையிடையே கண்மாய்கள் என நிலம் படிப்படியாக இறங்குகிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளின் வழியே கண்மாய்களை நிரப்புகிறது. நீரோடு மண்ணும் வந்து படிந்தால் கண்மாய் தூர்ந்து, அதன் கொள்ளளவு குறையும். மேட்டு நிலத்தின் மண் இழப்பு, பள்ளத்தில் நீர்ப் பற்றாக்குறையாக முடிகிறது.

கண்ணுக்குப் புலப்படாத இழப்பு
ஓர் எக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் நீங்குவதை எவரும் உணர்வதில்லை. ஆனால், அது 10 கனமீட்டர் மண். எடையில் ஏறத்தாழ 13 டன். எனவே, மண் இழப்பை அறியக் கண் போதாது, கணக்கு வேண்டும்.

அமெரிக்க அறிஞர்கள் வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும் உருவாக்கிய உலகளாவிய மண் இழப்புச் சமன்பாடு 1965இல் கையேடாக வெளிவந்தது, 1978இல் விரிவாக்கப்பட்டது. மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலப்போர்வை, பாதுகாப்பு முறை ஆகிய ஆறு காரணிகளைப் பெருக்கினால் ஓர் எக்டேரில் ஓராண்டில் இழக்கப்படும் மண்ணின் சராசரி அளவு டன் கணக்கில் கிடைக்கும். மழைப் பதிவுகளும் மண் ஆய்வும் செயற்கைக்கோள் படங்களும் இக்காரணிகளைத் தருகின்றன. இன்று புவித்தகவல் முறைமையின் துணையால் ஒரு வட்டாரம் முழுமைக்கும் இழப்பு வரைபடம் வரைய இயலும். எனினும், ஓடைக்கரைகள் இடிந்து சரிவதை இச்சமன்பாடு கணக்கிடுவதில்லை.

பெருக்கலின் விளைவு
நிலப்போர்வைக் காரணியின் மதிப்பு உழுது வெறுமையாக விடப்பட்ட நிலத்திற்கு 1; அடர்ந்த காட்டில் அது சுழியை நெருங்கும். மரக்கிளைகளும் சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தணிப்பதே இதற்குக் காரணம். எடுத்துக்காட்டாக, மழையின் அரிக்கும் ஆற்றல் 1.2 மடங்காகவும், மரங்கள் அழிவதால் நிலப்போர்வைக் காரணி 2 மடங்காகவும் உயர்ந்தால், இழப்பு 2.4 மடங்காகும். அந்நிலத்திலேயே வரப்பிட்டுப் பாதுகாப்புக் காரணியைப் பாதியாக்கினால், இழப்பு 1.2 மடங்காகக் குறையும்.

மனிதர் கையில் உள்ளவை
வடகிழக்குப் பருவமழையின் வேகத்தை உழவரால் மாற்ற இயலாது. மலையின் செங்குத்தையும் மாற்ற இயலாது. நிலப்போர்வையும் பாதுகாப்பு முறையும் மனிதர் வசப்பட்டவை. சரிவுக்குக் குறுக்கே உழுதல், சம உயர வரப்பு அமைத்தல், வெட்டிவேர் நடுதல், தோப்புகளில் மூடுபயிர் வளர்த்தல் ஆகியன மண்ணைக் காக்கும். 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயமும், அதனை உள்ளடக்கி 2021இல் உருவான திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் விலங்குகளுக்கு மட்டும் உரியன அல்ல. அங்குக் காக்கப்படும் காடே அடிவாரக் கண்மாய்களையும் காக்கிறது.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் வரும் வழியைக் கண்டறிந்து, அவ்வழியிலுள்ள நிலங்களின் பயன்பாட்டை அட்டவணைப்படுத்துக.