கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் கண்ணாடி

ஜவுளி, நகை வியாபாரம் செய்யும் நமக்குப் பூதக்கண்ணாடி புதிதல்ல. துணியின் இழையை எண்ணவும், கல்லின் கீறலைப் பார்க்கவும் அது நம் மேஜையிலேயே இருக்கிறது. கிருமிகளை முதன்முதலில் கண்டவரும் ஒரு ஜவுளி வியாபாரிதான். ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரில் கடை வைத்திருந்த லீவன்ஹுக் என்பவர், தம் கையால் செய்த சிறு கண்ணாடியைக் கொண்டு, 1670-களில் நீர்த்துளியில் நெளியும் உயிர்களைக் கண்டார்.

இப்படி ஒரே கண்ணாடி வில்லை கொண்டது எளிய வகை. இரண்டாவது, கூட்டு நுண்ணோக்கி. பொருளுக்கு அருகிலுள்ள வில்லை 100 மடங்கு பெரிதாக்கிய உருவத்தைக் கண்ணுக்கு அருகிலுள்ள வில்லை 10 மடங்கு பெரிதாக்கினால், மொத்தம் 1,000 மடங்கு. ஆஸ்பத்திரிகளில் இரத்தம் பார்ப்பது இதில்தான். மூன்றாவது, 1931-ல் ஜெர்மனியில் உருவான எலக்ட்ரான் நுண்ணோக்கி. வெளிச்சத்திற்குப் பதிலாக எலக்ட்ரான் கதிரைக் கொண்டு பார்ப்பதால், டெங்கு வைரஸ் போன்ற மிக நுண்ணியவையும் இதில் தெரியும்.

இனி நம் நாட்டு விஷயம். மலேரியாவா என்று அறிய, விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிக் கூட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆனால் இக்கருவிக்கும் எல்லை உண்டு. சரவாக்கின் காப்பிட் பகுதியில், கடுமையில்லாத மலேரியா என்று எழுதப்பட்டவற்றில் பல, குரங்கிடமிருந்து கொசு வழியாக வந்த நோலெசி மலேரியா என்று 2004-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இரு கிருமிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. மரபணுச் சோதனைதான் பிரித்துக் காட்டியது. முன்னது 72 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும். நோலெசியோ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்கூடாயில் கடை நடத்தும் நாமும், காய்ச்சல் என்று வருபவருக்கு இரண்டு பனடால் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். காய்ச்சல் தணியும், கிருமி தணியாது. ஆகவே, தோட்டம், காட்டோரம் சரக்குக் கொண்டு போய் வருவோரும், ஊருக்குப் போய்த் திரும்புவோரும் காய்ச்சல் கண்டால் நாள் கடத்த வேண்டாம். போய்வந்த இடத்தை டாக்டரிடம் சொல்லி, இரத்தத்தைச் சோதிக்கக் கேளுங்கள். கணக்கைப் பார்க்காமல் லாபம் சொல்லாத நாம், இரத்தத்தைப் பார்க்காமல் மருந்து விழுங்கலாமா?