மனத்திற்கும் அளவுகோல் உண்டா?

காய்ச்சல் வந்தால் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறோம். மனத்தை எதை வைத்துப் பார்ப்பது? “நல்லா இருக்கியா?” என்று பாட்டி கேட்டால், “ம், இருக்கேன்” என்கிறோம். அந்த விடையில் உண்மை எவ்வளவு?

அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓர் ஏணியைப் பயன்படுத்தினார். அதன் அடியில் 0, உச்சியில் 10. உச்சி என்பது நீங்கள் எண்ணிப் பார்க்கும் மிகச் சிறந்த வாழ்க்கை. அடி மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் நிற்பது எந்தப் படி? உலக மகிழ்ச்சி அறிக்கை இன்றும் இக்கேள்வியைக் கொண்டே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2018 முதல் 2025 வரை அதில் பின்லாந்துக்கே முதலிடம்.

ஆனால், ஓர் எண் போதுமா? போதாது என்றார் கரோல் ரிஃப் என்ற உளவியலாளர். மகிழ்ச்சியாக உணர்வது வேறு, செழித்து வாழ்வது வேறு என்பது அவர் கருத்து. 1989இல் அவர் ஆறு கூறுகளை முன்வைத்தார்: தன்னை ஏற்றுக்கொள்ளுதல், பிறருடன் நல்லுறவு, சுயமாக முடிவெடுத்தல், அன்றாடச் சூழலைச் சமாளித்தல், வாழ்வில் நோக்கம், தொடர்ந்து வளர்தல்.

இரண்டு மாணவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவன் விடுமுறை முழுவதும் கைப்பேசியில் விளையாடுகிறான். மற்றொருத்தி நாடகப் போட்டிக்காக ஒத்திகை பார்க்கிறாள். வசனம் மறந்து அழுகிறாள். தோழியுடன் சண்டையிட்டுச் சமாதானமாகிறாள். “இன்று மகிழ்ச்சியா?” என்று மட்டும் கேட்டால் அவனுக்கே மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கலாம். ரிஃபின் ஆறு கூறுகளையும் கேட்டால் அவள் முந்தக்கூடும்.

அதற்காக, தூக்கத்தைத் தொலைத்து வாடுவதே செழிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்! உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. காலையில் புத்துணர்ச்சியுடன் எழுந்தீர்களா என்பதும் அதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை 4ஆல் பெருக்கினால் 100க்குக் கணக்கு வரும். 50 அல்லது அதற்குக் குறைவாக வந்தால், நோய் என்று முடிவு செய்வதில்லை. அந்த மனநிலையை மேலும் விசாரிக்க வேண்டும் என்பதே பொருள்.

வெப்பமானி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. இந்த வினாப்பட்டியல்களோ நம் சொல்லை நம்பியே இருக்கின்றன. ஆசிரியர் பார்ப்பார் என்று எல்லாவற்றுக்கும் 5 போட்டால் கணக்கு சரியாகத்தான் வரும். பெயர் எழுதாமல் நிரப்பச் சொன்னால், அதே மாணவர் 2 என்று எழுதக்கூடும்.