அலாரத்தை அணைத்த பிறகு

ஜனவரியில் ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டிவிட்டு, பொங்கல் முடிந்த கையோடு அதற்கு முழுக்குப் போடுபவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். பெரும்பாலும் கோளாறு திட்டத்தில்தான். முதல் நாளே ஒரு மணி நேரம் பயிற்சி, மறுநாள் படி இறங்க முடியாத கால்வலி, மூன்றாம் நாள் சாக்கு.

ஆகவே முதலில் அளவைக் குறையுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஐந்து நாள், தலா அரை மணி வேகநடை போனால் 150 வந்துவிடும். அதை எடுத்த எடுப்பில் எட்ட வேண்டாம். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும். 'இன்னும் கொஞ்சம் நடக்கலாமே' என்று தோன்றும்போதே வீடு திரும்பிவிடுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட வரக்கூடாது. அதுதான் மிதமான வேகம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் கிளம்பலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, நேரத்தையும் இடத்தையும் கட்டிப்போட வேண்டும். 'தினமும் நடப்பேன்' என்று சொல்லிக்கொண்டால் மனசு நழுவிவிடும். 'பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்ததும் ஷூ மாட்டுவேன், பிள்ளையார் கோயில்வரை போய்வருவேன்' என்று ஏற்கெனவே தவறாமல் செய்கிற வேலையோடு முடிச்சுப் போடுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல காலம் ஆராய்ந்த முறை இது. ராத்திரியே ஷூவுக்குள் சாக்ஸைச் செருகி வாசலருகே வையுங்கள். போன் சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். அலாரத்தை அணைக்க எழுந்துதானே ஆக வேண்டும்!

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் விதி இதுதான்: ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இப்போதே மாற்று வழி யோசியுங்கள். சுவரில் கை ஊன்றிப் பத்து தண்டால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பத்து பஸ்கி, இரண்டு சுற்று. கூடத்திலேயே முடிந்துவிடும், தசைப் பயிற்சிக் கணக்கிலும் சேரும். செய்த நாளைச் சுவர்க் காலண்டரில் பேனாவால் சுழியுங்கள். ஆப்பைவிட இது மேல், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

காய்ச்சல் வந்தால் படுத்து ஓய்வெடுங்கள். கல்யாணம், ஊர்ப்பயணம் என்று வாரக்கணக்கில் நின்றுபோனால், விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.