கணபதியிலிருந்து கணபதிக்கு

திருவனந்தபுரத்தில், பழவங்காடியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன் காலையில் ஓடப்போகிறேன் என்றால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு பக்கம் கிழக்கேகோட்டை பஸ் நிலையம், மறுபக்கம் சாலைக் கம்போளம். நடக்கவே தோளை ஒடுக்க வேண்டிய இடம். ஆனால் பாளையத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் பகலெல்லாம் குனிந்தே உட்கார்ந்ததில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. ஓடாமல் தீராது என்று ஆகிவிட்டது.

முதல் வாரம் ஆறரை மணிக்குக் கிளம்பினேன். ஓவர்பிரிட்ஜ் தாண்டுவதற்குள் நாலு பஸ்ஸின் புகையைக் குடித்தாயிற்று. திரும்பி வந்து சாலைக் கம்போளத்தில் கட்டன் சாயா குடித்தபோது கடைக்காரர், தக்கலைப் பக்கத்துக்காரர், "மக்கா, ஓடணும்னா அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். இந்த ஊரு அதுக்கப்புறம் ஓட விடாது" என்றார். எந்த வழி அழகு என்று அதுவரை நாலு பேரிடம் கேட்டிருந்தேன். எந்த நேரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு ஊரே வேறு. பழவங்காடி கணபதிக்கு அதற்குள் தேங்காய் உடைக்க ஆரம்பித்திருப்பார்கள். ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் கோயில். திருவிதாங்கூர்ப் படையோடு பத்மநாபபுரத்திலிருந்து வந்த பிள்ளையார் என்பார்கள். கோயில் முன்னால் மட்டும் ஓடாதீர்கள். சிரட்டைச் சில் ஷூவின் அடிப்பள்ளத்தில் சிக்கினால் பல்லில் பாக்கு மாட்டியதுபோல. கிலோமீட்டர் கணக்கில் 'டக் டக்' என்று கூடவே வரும். தேங்காய்த் தண்ணீர் காய்ந்த தரை பிசுபிசுக்கும், நனைந்தால் வழுக்கும். அங்கே நடந்து, கைகூப்பிவிட்டு, அப்புறம் ஓட்டத்தைத் தொடங்குவதே உத்தமம். உடம்பு சூடேறவும் அந்த நடை உதவும்.

புதிதாக ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது கோட்டைக்குள் சுற்று. சமதரை. பத்மதீர்த்தக் குளத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் தலைகீழாகத் தெரியும். காற்று இல்லாத நாளில் எது கோபுரம், எது நிழல் என்று ஒரு கணம் குழம்பும். எதிரே மேத்தன் மணி: கடிகாரத்துக்கு மேல் ஒரு தாடிக்காரர் முகம், மணிக்கொருதரம் இரண்டு ஆடுகள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். தரிசனத்துக்கு வருகிறவர்களை இடிக்காமல், கிழக்கு நடையில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மூச்சு பழகிய பிறகு எம்.ஜி. ரோடு. ஓவர்பிரிட்ஜ் கழிந்தால் ஏற்றம். இது குன்றுகளின் மேல் உட்கார்ந்த ஊர். பஸ்ஸில் போகும்போது அது தெரியாது, கெண்டைக்கால் சொல்லித்தான் தெரியும். ஏற்றத்தில் அடியைக் குட்டையாக வைத்து, பார்வையைப் பத்தடி முன்னால் மட்டும் வைத்துக்கொள்ளப் பழகினேன். ஸ்டாச்யூவில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் திவான் மாதவ ராவ் கும்பகோணத்தில் பிறந்தவர். நம்மூர்க்காரர் என்று அவரிடம் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். பாளையத்தில் பள்ளிவாசலை ஒட்டி இன்னொரு கணபதி, சாலைக்கு அந்தப்புறம் தேவாலயம், பக்கத்திலேயே 1937-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். இரண்டு கணபதிகளுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். போய் வந்தால் ஐந்து. வேலைநாளுக்கு அது போதும்.

ஞாயிறானால் மியூசியம் வரை நீட்டுவேன். நேப்பியர் மியூசியம் சிஷோம் வடிவமைத்து 1880-ல் முடிந்த கட்டிடம். அதைச் சுற்றிய மரநிழல் பாதையில் பாதி ஊர் நடந்துகொண்டிருக்கும். அங்கே ஓட்டம் எடுபடாது. பெரியவர்கள் நாலு பேர் கைகோத்தாற்போல் அரசியல் பேசிக்கொண்டே வருவார்கள், வழி கிடைக்காது. ஓட வேண்டியவர்கள் வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார் போகும் ராஜபாதைக்குப் போய்விடுங்கள். அகலமான ரோடு, இருபுறமும் மரங்கள். எழுத்தாளர் நகுலன் வாழ்ந்தது அந்தப் பக்கம்தான். இன்னும் தெம்பிருந்தால் பேரூர்க்கடை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் வீடு கட்டிய இடம். நான் ஒரே ஒரு தடவை எட்டினேன். திரும்பியது பஸ்ஸில்.

மழைக் கணக்கு தனி. ஐப்பசி, கார்த்திகையில் துலாமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு இறங்கும், காலை தெளிவாக இருக்கும். இடவப்பாதி மழை அப்படியில்லை, நேரம் காலம் பார்க்காது. அப்படி ஒரு ஜூன் மாதக் காலையில், தண்ணீர் தேங்கிய நடைபாதையில் இரண்டு ஸ்லாப்களுக்கு நடுவே கால் இறங்கிவிட்டது. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூன்று வாரம் நூலகத்துக்கே நொண்டிக்கொண்டு போனேன். அடி தெரியாத தண்ணீரில் இப்போது நான் கால் வைப்பதில்லை, ஷூ நனையுமே என்பதற்காக அல்ல.

இடவப்பாதி மாதங்களில் சங்குமுகம் கடற்கரையையும் நம்ப வேண்டாம். பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலத்துக்காக விமான ஓடுதளத்தையே மூடி வழிவிடும் ஊர் இது. ஆனால் கடல் யாருக்கும் வழிவிடுவதில்லை. 2021 மே மாதம் கடற்கரை ரோட்டையே அது கொண்டுபோனது. மார்கழி, தை மாதம் போங்கள். நாய்கள் கூட்டமாகப் படுத்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள்; ஓடினால்தான் துரத்தும்.

நேற்றும் திரும்பி வந்து சாயாக்கடையில் நின்றேன். கடைக்காரர் என் ஷூவைத் திருப்பச் சொல்லி, ஸ்பூன் காம்பால் ஒரு சிரட்டைச் சில்லை நெம்பி எடுத்துப் போட்டார். "பிள்ளையாரு பிரசாதம்" என்றார்.